எல்லோருக்கும் 20

ஆள் குறைவாக ஓடுகிற ஒரு வார்டின் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து, டி.பி.ஆர். சார்ட்டை, அதாவது காய்ச்சல், நாடி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று குறிக்கிற தாளை மட்டும் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறும். நாடித்துடிப்பு மாறும். மூச்சு மட்டும் மாறாது. எழுபது வயதுக்காரருக்கும் 20, கல்லூரிப் பெண்ணுக்கும் 20. நெஞ்சுச் சளியோடு வந்தவருக்கும் 20, கால் உடைந்து படுத்திருப்பவருக்கும் 20. ராத்திரி பத்து மணிக்கும் 20, விடிகாலை ஆறு மணிக்கும் 20. சில வார்டுகளில் 18 என்று இருக்கும். அது அந்த வார்டில் எப்போதோ வேலை பார்த்த யாரோ ஒரு சிஸ்டர் தொடங்கிவைத்த பழக்கமாக இருக்கும்.

அந்த இருபதுகளில் சில ஆயிரம் நான் எழுதியவை.

பதினாறு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். செவிலியர் பற்றாக்குறை என்று செய்தி வரும்போதெல்லாம் லட்சக் கணக்கில் எண்கள் சொல்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது அந்த இரண்டு இலக்கம்தான். பற்றாக்குறை எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று யாராவது கேட்டால் அந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன்.

மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாம் என்பவர்கள் உண்டு. மூச்சு சீராக இல்லாதவரிடம் அது பொய் சொல்லும். மானிட்டர் மாட்டாத பொது வார்டில் இதற்கு மெஷின் கிடையாது, கண்ணும் கடிகாரமும்தான். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமலே மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்க்கிறமாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் இரவு ட்யூட்டி 12 மணி நேரம். 26 நோயாளிகள். நான் ஒருத்தி, கூட ஒரு மாணவி. பி.பி., டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு, எழுதுவது, அடுத்த கட்டிலுக்கு நடப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5 நிமிடம். 26 பேருக்கு 130 நிமிடம். இரவில் 3 முறை பார்க்க வேண்டும் என்றால் 390 நிமிடம், அதாவது ஆறரை மணி நேரம். மிச்சமிருக்கிற ஐந்தரை மணி நேரத்தில் மாத்திரை, ஊசி, டிரிப் மாற்றுவது, வீங்கிப்போன கையிலிருந்து கேனுலாவை, அதாவது டிரிப் ஏற்றுகிற சின்னக் குழாயை எடுத்து வேறு கையில் போடுவது, காலை ஆபரேஷனுக்குப் போகிறவரைத் தயார் செய்வது, புது அட்மிஷன், லேபுக்குப் போன், மருந்து கேட்டு எழுதுகிற இன்டென்ட், படுக்கை நனைந்தவருக்கு விரிப்பு மாற்றுவது, தூக்கம் வராத ஒருவரின் கட்டில் ஓரம் இரண்டு நிமிடம் நிற்பது. யாருக்காவது நிலைமை மோசமானால் இந்தக் கணக்கு மொத்தமும் அங்கேயே நின்றுவிடும்.

எதையாவது விட்டே ஆக வேண்டும். ஊசியை விட முடியாது, நேரம் தவறினால் கேள்வி வரும். டிரிப்பை விட முடியாது, பாட்டில் காலியானால் பக்கத்துக் கட்டில்காரருக்கும் தெரியும். பி.பி.யைக் காலை ரௌண்ட்ஸில் டாக்டர் கேட்பார். மூச்சை யாரும் கேட்பதில்லை. எண்ணாவிட்டால் 26 நிமிடம் கையில் மிச்சம். மூன்று சுற்றுக்கு 78 நிமிடம். அந்த நேரத்தில் தூங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி போட்டேன்.

இப்படி ஒரு இரவில்தான் அந்த அம்மா வந்தார்கள். வந்தார்கள் என்ன, மூன்று நாளாக அங்கேதான் இருந்தார்கள். குடலில் ஆபரேஷன் ஆகி மூன்றாவது நாள். காய்ச்சல் லேசாக. பி.பி. சரியாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு 20 எழுதினேன். இரண்டு மணிக்கும் 20. மூன்று மணி வாக்கில் மகள் வந்து, "சிஸ்டர், அம்மா கொஞ்சம் வேகமா மூச்சு விடுறமாதிரி இருக்கு"ன்னு சொன்னாள். "இதோ வரேன்மா" என்றேன். கையில் ஒரு ஆன்டிபயாட்டிக் பாட்டிலைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் எட்டாம் நம்பர் கட்டிலில் வாந்தி. அது முடிந்து போகும்போது முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அந்தப் பெண் இரண்டாம் முறை வந்து கூப்பிடவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னவோ செய்கிறது. எங்கள் அவசரத்தைப் பார்த்து அவர்கள் தங்கள் பயத்தை அடக்கிக்கொள்கிறார்கள்.

மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். 36.

டியூட்டி டாக்டரை எழுப்பினேன், சர்ஜன் வந்தார், தையல் விட்டுக் குடல் கசிந்திருந்தது தெரிந்தது. மறுபடியும் ஆபரேஷன், பிறகு ஐ.சி.யூ. 19 நாள் கழித்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சார்ட் ஒழுங்காக இருந்தது. பத்து மணிக்கு 20, இரண்டு மணிக்கு 20, மூன்றே முக்காலுக்கு 36, உடனே டாக்டருக்குத் தகவல். ‘திடீரென்று’ மோசமானார் என்று குறிப்பில் எழுதினார்கள். விழிப்பாக இருந்ததற்காக இன்சார்ஜ் என்னைப் பாராட்டினார்.

திடீரென்று ஒன்றும் ஆகியிருக்காது. உடம்புக்குள் கிருமி பரவும்போது பல நேரங்களில் முதலில் மாறுவது மூச்சுதான், பி.பி. கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுத்தான் விழும். இங்கிலாந்தின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிலைமை மோசமாக மோசமாக மதிப்பெண் கூடும். மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 25ஐத் தொட்டாலே 3, அந்த ஒரு கட்டத்துக்கு இருக்கிற அதிகபட்ச மதிப்பெண். நாங்கள் கைக்கு வந்தபடி எழுதுகிற 20, அந்த முறையில் ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்பதன் கடைசிப் படி. இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

ஆள் இல்லாத குறையை மேலிடம் மறைக்கிறது என்று திட்டுவது எங்களுக்கு வழக்கம். அது பாதிதான். மீதிப் பாதியை மறைத்தது நாங்கள். கட்டங்களை நிரப்பினோம், ட்யூட்டி முடிந்தும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினோம், லீவு நாளில் போன் வந்தால் கிளம்பினோம். மாதக் கடைசியில் பார்த்தால் எல்லா வேலையும் நடந்திருக்கும். எல்லா வேலையும் நடந்துவிட்டால், ஆள் எங்கே குறைகிறது?

அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் என்ற செவிலியப் பேராசிரியர் 2006 வாக்கில் இதற்கு ஒரு பேர் வைத்தார். ‘விடுபட்ட பராமரிப்பு’ என்று சொல்லலாம். நர்சுகளைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்டபோது, என்னென்ன விடுபடுகிறது என்று ஒரே பட்டியலாகச் சொன்னார்கள். நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, நேரத்துக்குச் சாப்பிடவைப்பது, வீட்டுக்குப் போகும்போது எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. தவறாகச் செய்தது எதுவும் அதில் இல்லை, செய்யாமல் போனதுதான். தவறு செய்தால் அறிக்கை எழுத வேண்டும். செய்யாமல் விட்டதற்கு எந்தப் படிவமும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023இல் உலகத்தில் சுமார் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள். குறை 58 லட்சம். 2030க்குள் இது 41 லட்சமாகக் குறையலாம் என்று கணித்திருக்கிறார்கள். குறைகிறதே என்று சந்தோஷப்படுவதற்குள் இன்னொரு எண்ணையும் பார்த்துவிடுங்கள். உலக மக்கள்தொகையில் 49 சதவீதம் பேர் வாழ்கிற நாடுகளில் 78 சதவீதச் செவிலியர்கள் இருக்கிறார்கள். மீதிப் பாதி ஜனத்துக்கு மீதி 22 சதவீதம்.

இந்தக் கணக்குகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு நாடு தன் பற்றாக்குறையை எப்படி எண்ணுகிறது என்று கொஞ்சம் உள்ளே போனால் விவகாரம் வேறு. பெரும்பாலும் காலிப் பணியிடங்களைத்தான் எண்ணுவார்கள். பணியிடம் எத்தனை என்பது என்றைக்கோ முடிவானது. கட்டில்கள் கூடியிருக்கும், நோயாளிகள் இரண்டு நாளில் வந்து போகிறவர்களாக மாறியிருப்பார்கள், கட்டிலில் இருப்பவர்களின் நோயும் முன்பைவிடக் கனமாகியிருக்கும். பணியிடப் பட்டியல் மட்டும் பழையதாகவே இருக்கும். அந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டால் காகிதத்தில் பற்றாக்குறை இல்லை. இதன் உச்சக்கட்ட வேடிக்கை, ஒரே நாட்டில் வார்டில் ஆள் இல்லாமலும், நர்சிங் படித்த பெண்கள் வீட்டில் வேலை இல்லாமலும் இருப்பது. ஆள் தேவை என்பது ஒன்று. அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்பது வேறொன்று.

எந்த அரசாங்கத்துக்கும் முதலில் தோன்றுகிற யோசனை, நிறையப் பேரைப் படிக்கவைப்பது. தவறில்லை. போர்க்காலத்தில் அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்தது. 1943இல் சட்டம் போட்டு, கேடட் நர்ஸ் கோர் என்று ஒரு படையே திரட்டினார்கள். படிப்புச் செலவு அரசாங்கத்துடையது, கைச்செலவுக்குப் பணம், போட்டுக்கொள்ள அழகான சீருடை. 1948க்குள் ஏறக்குறைய 1,24,000 பேர் படித்து வெளியே வந்தார்கள். அப்படியும் போர் முடிந்த பிறகு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றவில்லை. ஒரு பட்டம் பெற்ற நர்சின் கீழே சில உதவியாளர்களை வைத்துக் குழுவாகப் பார்க்கிற முறை அந்தத் தட்டுப்பாட்டில்தான் பரவியது.

மாணவிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நர்சிங் பள்ளிகளின் தொடக்க காலத்தில் பல ஆஸ்பத்திரிகள் மாணவிகளை வைத்துத்தான் வார்டையே ஓட்டின. படித்து முடித்தவளுக்கு அங்கே வேலை கிடையாது. தனியார் வீடுகளில் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சம்பளம் இல்லாத கைகள் வருடாவருடம் புதிதாக வரும்போது சம்பளம் கொடுத்து ஆள் வைப்பானேன்? அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. நான் மேலே ‘கூட ஒரு மாணவி’ என்று எழுதினேன் அல்லவா, அந்த மாணவி அங்கே கற்றுக்கொள்ள வந்தவள். அவளுக்குக் கற்றுக்கொடுக்க அன்று யாரும் இல்லை. ட்யூட்டி லிஸ்டில் மட்டும் அவள் அரை ஆள்.

சீட்டுகளைக் கூட்டுவது ஒரு கையெழுத்தில் நடக்கும். கற்றுக்கொடுக்கிற ஆளும், மாணவி கைதொட்டுப் பழகக் கட்டில் ஓர இடமும் கையெழுத்தில் வராது. ஒரு வார்டில் ஒரே நேரத்தில் இருபது மாணவிகள் நின்றால் பத்தொன்பது பேர் பார்க்கிறார்கள், ஒருத்தி செய்கிறாள். இப்படிப் படித்து முடித்தவளை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே இரவில் தனியாக நிறுத்துகிறோம். பயந்து போகிறாள். பயத்தை வெளியே சொன்னால் ‘நாங்கள் எல்லாம் அப்படித்தான் வந்தோம்’ என்கிறோம். ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறாள். அந்த இடத்துக்கு இன்னொரு சீட்டைக் கூட்டுகிறோம்.

அடுத்த வழி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது. பணக்கார நாடுகளுக்கு இது கைகண்ட மருந்து. அந்த நாடுகளில் வேலை பார்க்கும் செவிலியர்களில் 23 சதவீதம் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள் என்கிறது அதே 2025 அறிக்கை. 2010இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு நடத்தை விதி கொண்டுவந்தது. 2023இல் 55 நாடுகளின் பட்டியல் ஒன்றும் போட்டது: இங்கெல்லாம் ஏற்கெனவே ஆள் பற்றவில்லை, தேடிப்போய் அள்ளாதீர்கள் என்று. விதிக்குச் சட்ட பலம் இல்லை. போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் போனவர்கள்தான். ஒருத்தி போனில், "இங்க எனக்கு அஞ்சு பேஷண்ட்டுடி, பேர் சொல்லியே கூப்பிடுறேன்" என்றாள். சம்பளத்தைப் பற்றி அதற்கு அப்புறம்தான் பேசினாள்.

அஞ்சு பேஷண்ட். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

லிண்டா ஐக்கன் என்ற செவிலிய ஆய்வாளரும் அவர் குழுவும் 2002இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். 2014இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் பார்த்தார்கள். அங்கேயும் 7. இதை முதலில் படித்தபோது, ஒரே ஒரு ஆள் கூடினால் எப்படிச் சாவு கூடும் என்று யோசித்தேன். பிறகுதான் என் சார்ட் நினைவுக்கு வந்தது. யாரும் தவறான ஊசி போட்டுக் கொன்றுவிடுவதில்லை. எண்ணாத ஒரு நிமிடம், போகாத ஒரு முக்கால் மணி நேரம். அதே ஆய்வுத் துறையில் ‘காப்பாற்றத் தவறுதல்’ என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் எல்லா ஆஸ்பத்திரியிலும்தான் வரும். நல்ல ஆஸ்பத்திரிக்கும் மோசமான ஆஸ்பத்திரிக்கும் பெரிய வித்தியாசம், வந்த சிக்கலை யாராவது நேரத்தில் பார்த்தார்களா என்பதில்தான். பார்க்கிற கண் நர்சுடையது.

கலிபோர்னியா 1999இல் சட்டமே போட்டுவிட்டது. ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது. 2004இல் அமலுக்கு வந்தது; பொது வார்டில் முதலில் 6, அடுத்த வருடம் 5; ஐ.சி.யூ.வில் 2. ஆளே கிடைக்காதே, சட்டம் போட்டு என்ன பயன் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000இல் இப்படி வரம்பு வந்தபோது, வேலையை விட்டுப் போயிருந்த நர்சுகள் திரும்பி வந்தார்கள். ஆள் இல்லாததால் வரம்பு வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வரம்பு இல்லாததால்தான் ஆள் இல்லை என்று ஒரு இடத்திலாவது தெரிந்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2016இல் 27 ஆஸ்பத்திரிகளில் கொண்டுவந்தார்கள். வரம்பு இல்லாத 28 ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்டு 2021இல் முடிவு வந்தது. கூடுதல் நர்சுகளுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் மிச்சமாகியிருந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், போனவர்கள் திரும்பி அட்மிட் ஆவது குறைந்தது. செலவு என்று சொல்லித்தானே இத்தனை நாள் எங்களை வைக்காமல் இருந்தார்கள்?

இருந்தாலும் எனக்கு ஒரு பயம் உண்டு. வரம்பும் ஒரு எண்தான். கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால் அதுவும் எல்லோருக்கும் 20 ஆகிவிடும். ட்யூட்டி லிஸ்டில் லீவில் இருப்பவளின் பேர் இருக்கும், பாதி நாள் வேறு வார்டுக்கு அனுப்பப்பட்டவளின் பேர் இருக்கும், இன்சார்ஜின் பேரும் ஒரு நோயாளிகூடப் பார்க்காத சூபர்வைசரின் பேரும் எண்ணிக்கையில் சேரும். வகுத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். எண்களை எப்படி நிரப்புவது என்று எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்?

வேலையைப் பிரித்துக் கொடுக்கலாமே என்றும் கேட்பார்கள். தாராளமாக. வீல்சேரைத் தேடி மூன்று மாடி ஏறியிருக்கிறேன். விரிப்புகளை எண்ணிக் கணக்கு எழுதியிருக்கிறேன். பில்லில் ஒரு சிரிஞ்ச் விட்டுப்போனதற்கு அரை மணி நேரம் கவுன்டரில் நின்றிருக்கிறேன். இதற்கெல்லாம் நான்கு வருடம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வார்டு கிளார்க் இருந்திருந்தால் ஒரு இரவில் எனக்கு எத்தனை மூச்சு மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டதுண்டு. ஆனால் உதவியாளர் நர்சோடு சேர்ந்து வர வேண்டும், நர்சுக்குப் பதிலாக வரக் கூடாது. ஐக்கன் குழுவின் இன்னொரு ஐரோப்பிய ஆய்வில், ஒவ்வொரு 25 நோயாளிக்கும் ஒரு நர்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு உதவியாளரை வைத்தால் இறப்பு வாய்ப்பு 21 சதவீதம் கூடுவதோடு தொடர்பு இருப்பது தெரிந்தது. மூச்சை எண்ண யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். 28 என்ற எண், குடலில் தையல் போட்ட மூன்றாவது நாளில் என்ன சொல்கிறது என்பதுதான் படிப்பு.

ஆள் ஏன் போகிறார்கள் என்றே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க செவிலியர் அகாடமி கேள்வியைத் திருப்பிப் போட்டது. ஏன் சில இடங்களில் மட்டும் இருக்கிறார்கள்? 1983இல் வந்த அந்த ஆய்வில் 41 ஆஸ்பத்திரிகள் தனியாகத் தெரிந்தன. ஊரெல்லாம் தட்டுப்பாடு இருக்கும்போதும் அங்கே நர்சுகள் நிலைத்திருந்தார்கள்; காந்தம் மாதிரி என்று அதற்கே ‘மேக்னட்’ என்று பேர் வந்தது. அங்கே என்ன விசேஷம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. போதுமான ஆள் இருந்தார்கள். ட்யூட்டி லிஸ்டில் வளைந்துகொடுத்தார்கள். நோயாளியைப் பற்றி நர்ஸ் சொன்னால் டாக்டர் காதில் வாங்கினார். வார்டு எப்படி நடக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் ஒரு பேச்சு இருந்தது.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், பெரும்பாலும் அவர்கள் சம்பளம் கொடுக்கிற பக்கத்தில் இருப்பார்கள். சேவை என்ற வார்த்தையை எங்கள் விஷயத்தில் எப்போது எடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். சம்பளம் கேட்கும்போது. ஆனால் நான் போனதற்குக் காரணம் சம்பளம் இல்லை. ஒரு ட்யூட்டி லிஸ்ட். இரண்டு வாரமாகக் கேட்டு வாங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "நாளைக்கு மட்டும் பார்த்துக்க முடியுமா?" முடியாது என்று சொல்ல வாயெடுத்து, சரி என்று சொன்னேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் என் மகன் எதுவும் கேட்கவில்லை. எடுத்துவைத்திருந்த துணியை அவனே மறுபடியும் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான். நாலு மாதத்தில் பாடம் நடத்தப் போய்விட்டேன். கட்டில் பக்கத்திலிருந்து இன்னொரு நர்ஸ் குறைந்தாள். பதிவேட்டில் நான் இன்னும் செவிலியர்தான். உலகக் கணக்கில் அந்த 2 கோடியே 98 லட்சத்தில் நானும் ஒருத்தியாக இருக்கலாம்.

மாணவிகளுக்கு முதல் பாடமே மூச்சு எண்ணுவதுதான். ஒரு முழு நிமிடம், கடிகாரம் பார்த்து. வகுப்பில் ஒருத்தியை ஒருத்தி எண்ணச் சொல்வேன். 13 வரும், 17 வரும், சிரிப்பை அடக்குகிறவளுக்கு 24 வரும். யாருக்காவது 20 வந்தால் மறுபடியும் எண்ணச் சொல்வேன். பாவம், சிலருக்கு உண்மையிலேயே 20 இருக்கும்.

வார்டு போஸ்டிங் முடிந்து வரும்போது பாதிப் பேர் மாறியிருப்பார்கள். "மேம், அங்க யாரும் எண்ணறதில்ல. அக்கா 20 போடச் சொன்னாங்க." எந்த அக்கா என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு வார்டு இன்சார்ஜ் போன் செய்தாள். என் பேட்ச் தான். எடுத்ததும், "என்னடி பண்ணி வச்சிருக்கா உன் ஸ்டூடண்ட்?" என்றாள். போய்ப் பார்த்தேன். அன்றிரவு 31 நோயாளிகள். 17 பேருக்கு மூச்சு எண்ணி எழுதியிருந்தாள்: 16, 22, 14, 19, 26. மீதி 14 கட்டங்களில் குட்டி எழுத்தில் ‘பார்க்கவில்லை’. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக, கையெழுத்துப் போட்டு. 26 இருந்தவரை அவளே ராத்திரியில் டாக்டரிடம் சொல்லி, அவர் வந்து பார்த்து ஆக்சிஜன் வைத்திருந்தார்.

"இதை அப்படியே வச்சா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க" என்றாள் இன்சார்ஜ்.

"ராத்திரி எத்தனை ஸ்டாஃப்?"

"ஒருத்தி."

"அதையும் அதே பக்கத்துல எழுது."

"எழுதிட்டா? ஆள் வந்துருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவளை எனக்குத் தெரியும், பயந்தவள் இல்லை. சார்ட்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, மேலே ஓரத்தில் ‘நோயாளிகள் 31, செவிலியர் 1’ என்று எழுதித் தேதி போட்டாள். ஜெராக்ஸ் எடுத்து, கூடுதல் ஆள் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பியிருந்த கடிதத்தின் பின்னால் பின் அடித்தாள்.

அடுத்த இரவும் ஒரே ஸ்டாஃப்தான். மாணவி மறுபடியும் போனாள். 19 பேருக்கு எண்ணியிருந்தாள்.